சி.ரி. ஸ்கானிலிருந்து ஒரு முள்ளென்பைப் பிரித்தெடுப்பது எப்படி?

வகுப்பில் காட்ட ஆயத்த முப்பரிமாண மாதிரி போதுமென்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஜப்பானில் உருவான பொடிபார்ட்ஸ்3டி, அதை அடியாகக் கொண்ட இசட்-அனற்றமி இரண்டும் இலவசம். ஆனால் அவை காட்டுவது ஒரேயொரு பொது உடலை. தேய்ந்த என்பையோ வளைந்த முள்ளந்தண்டையோ வகுப்பில் காட்ட ஸ்கானிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மென்பொருள்: 3டி ஸ்லைசர். இலவசம். படிப்புக்குக் காசு கொடுத்து வேறொன்றும் வாங்கத் தேவையில்லை. பழகுவதற்கு அதன் சாம்பிள் டேற்றாவில் உள்ள சி.ரி. செஸ்ற் போதும். நோயாளியின் ஸ்கான் என்றால் முதலில் அனுமதி, பிறகு ஆள் விவரமில்லாமல் படத்தை மட்டும் வைக்கும் என்.ஆர்.ஆர்.டி. கோப்பாகச் சேமித்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள். ஸ்கான் கருவி தரும் டைக்கொம் கோப்புக்குள் பெயர், பிறந்த திகதி எல்லாம் இருக்கும். நம்மூரில் பெயர் தெரிந்தால் ஆளும் தெரிந்த மாதிரித்தான்.

வொலியூம்ஸ் பகுதியில் துண்டங்களின் (ஸ்கானின் குறுக்குவெட்டுப் படங்களின்) இடைவெளியைப் பாருங்கள். 1 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு நல்லது. 5 மி.மீ. என்றால் என்பு படிக்கட்டு மாதிரித்தான் வரும். எவ்வளவு மழுப்பினாலும் ஸ்கானில் பதியாத விவரம் திரும்பி வராது.

இனி செக்மென்ற் எடிற்றர் பகுதியில் த்ரெஷோல்ட், அதாவது எந்த அளவுக்கு மேலே ஒளிர்வது என்பு என்று எல்லை வைப்பது. எல்லாம் பிழைப்பது இங்கேதான். சி.ரி. படத்தின் ஒளிர்வைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் காற்று −1000, தண்ணீர் 0. கீழெல்லையை 200இல் வைத்துத் தொடங்கி, துண்டங்களைப் பார்த்துப் பார்த்து நகர்த்துங்கள். குருதிக் குழாய் தெரிவதற்காக மாறுநிறப் பொருள் ஏற்றி எடுத்த ஸ்கானில் பெருநாடியும் அதே அளவில் ஒளிரும். என்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதை ஒழிக்க எல்லையை உயர்த்தினால் மெல்லிய என்பு ஓட்டையாகும். ஒரு கனப்புள்ளிக்குள் (முப்பரிமாணப் படத்தின் மிகச்சிறிய கட்டம்) பாதி என்பு, பாதி தசை என்றால் கருவி இரண்டின் சராசரியைத்தான் பதிகிறது. அது எல்லைக்குக் கீழே போய்விடும். தோட்பட்டை என்பின் நடுவில் இப்படி விழும் ஓட்டையை மாணவர் உண்மையான துளை என்றே படித்துவிடுவார். எனவே எல்லையை என்புக்குச் சாதகமாகக் கீழேயே வைத்து, நாடியைக் கையால் அழியுங்கள். மிஞ்சும் ஓட்டையைப் பெயின்ற் தூரிகையால் அடையுங்கள். பக்கத்தில் ஓர் உண்மையான என்பு இருந்தால் ஒப்பிட்டே செய்யுங்கள்.

ஐலண்ட்ஸ் கருவியில், ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் மிகப்பெரிய பகுதியை மட்டும் வைத்தால் தூசி போகும், விலா என்புகள் போகா. மூட்டு இடைவெளி கனப்புள்ளியை விடச் சிறிதாக இருப்பதால் அவை முள்ளென்போடு ஒன்றாகிவிடுகின்றன. சிசர்ஸால் முப்பரிமாணக் காட்சியில் வெட்டினால் பின்னால் மறைந்திருப்பதும் சேர்ந்து வெட்டுப்படும். தூரத்து விலாக்களுக்கு அது சரி. மூட்டருகே துண்டக் காட்சியில் சிறிய அழிப்பானே பாதுகாப்பு.

மேற்பரப்பை மழுப்ப ஸ்மூதிங் கருவியில் மீடியன் முறை, 3 மி.மீ. அதற்கு மேலே போனால் முள்ளென்புகளுக்கு இடையே நரம்பு வெளியேறும் துளையே சுருங்கும்.

ஸ்லைசர் தானாகச் சேமிக்காது. கரண்ட் போவதற்கு முன் எல்லா வேலையையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் எம்.ஆர்.பி. கோப்பாகச் சேமித்துக்கொண்டே இருங்கள்.

பிறகு, மேற்பரப்பை முக்கோணங்களாக வைக்கும் எஸ்.ரி.எல். கோப்பாக எக்ஸ்போர்ட். கைபேசியில் சுழற்றிப் பார்க்கவென்றால் மாதிரியாக மாற்றி, சேர்ஃபஸ் ரூல்பொக்ஸில் டெசிமேற் 0.8 கொடுங்கள், முக்கோணங்களில் 80 வீதம் குறையும். கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், உறுப்புப் பெயர்களைத் தமிழில் இடுங்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். கலைச்சொல் இல்லையென்ற சாட்டு இங்கே எடுபடாது.

பின்சேர்ப்பு: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை என்று கேட்டவர்களுக்கு. எஸ்.ரி.எல். கோப்பில் அலகு கிடையாது. ஸ்லைசர் மி.மீ. கணக்கில் எழுதுவதை பிளெண்டர் மீற்றராக வாசிப்பதால் 60 மி.மீ. முள்ளென்பு 60 மீற்றர் ஆகிவிடுகிறது. நீங்கள் அதற்குள்ளேயோ அதைவிட்டு வெகு தொலைவிலோ நிற்கிறீர்கள். உள்ளே எடுக்கும்போதே அளவை 0.001 ஆக வைத்து, ஹோம் விசையை அழுத்துங்கள்.