களஞ்சியத்தில் கட்டுரையை ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுரை இதழில் வந்துவிட்டது, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய பல்கலைக்கழகத்தின் திறந்த அணுகல் களஞ்சியத்தில் ஏற்றச் சொல்லி நூலகத்திலிருந்து மின்னஞ்சலும் வந்துவிட்டது. உடனே இதழின் தளத்துக்குப் போய், அழகாக அச்சுக்கோத்து லோகோவோடு இருக்கும் பிடிஎஃப்பை இறக்கி அப்படியே ஏற்றிவிடுகிறோம். முதலில் சொல்ல வேண்டிய தவறு இதுதான், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்த வேலை அங்கேயே நின்றுபோகிறது. பதிப்பகத்தின் அனுமதி இல்லாமல் நூலகத்தில் சரிபார்ப்பவர் அந்தக் கோப்பை எல்லோரும் படிக்கும்படி திறந்து வைக்க முடியாது. கட்டுரையின் பெயரும் சுருக்கமும் மட்டும் களஞ்சியத்தில் தெரியும், படிக்க வந்தவர் மறுபடியும் இதழின் சந்தா வாசலில்தான் போய் நிற்பார்.

ஒரே கட்டுரைக்கு மூன்று வடிவங்கள் உண்டு. இதழுக்கு முதன்முதலில் அனுப்பியது ஒன்று. மதிப்பாய்வாளர்கள் கேட்ட திருத்தங்களையெல்லாம் செய்தபின் ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்டது இரண்டாவது. பதிப்பகம் பக்க எண் போட்டு, தன் அச்சமைப்பில் வெளியிட்டது மூன்றாவது. சந்தா இதழ்கள் பெரும்பாலும் மூன்றாவதைக் களஞ்சியத்தில் வைக்க விடுவதில்லை, ஆனால் இரண்டாவதை, அதாவது ஏற்கப்பட்ட கைப்பிரதியை, வைக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. ஆய்வின் சாரம் இரண்டிலும் ஒன்றுதான். (கட்டுரையே, பிறர் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகியிருந்தால் இந்தக் கவலையே வேண்டாம், இதழில் வந்த பிடிஎஃப்பையே ஏற்றலாம்.) பிழை பார்க்கச் சொல்லிப் பதிப்பகம் அனுப்பும் புரூஃபை ஏற்கப்பட்ட கைப்பிரதி என்று நினைத்து ஏற்றுகிறவர்களும் உண்டு. அது பதிப்பகம் அச்சுக்கோத்தது, எனவே அதுவும் ஆகாது.

சரி, அந்த இரண்டாவது வடிவம் எங்கே இருக்கிறது? பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘கடைசித் திருத்தம் புதியது’ என்று ஏழெட்டுக் கோப்புகள் இருக்கும், எது ஏற்கப்பட்டது என்று ஒரு வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது, அதை அனுப்பிய சக ஆசிரியரோ வேறு வேலைக்குப் போயிருப்பார். ஏற்றுக்கொண்டோம் என்று மின்னஞ்சல் வந்த அன்றே அந்தக் கோப்பைத் தனியாக, தேதி போட்டுச் சேமித்துவிடுங்கள். ஏற்கனவே தொலைத்துவிட்டிருந்தாலும் கைவிட வேண்டாம்: ஸ்காலர்ஒன், எடிட்டோரியல் மேனேஜர் போன்ற தளங்கள் வழியாக அனுப்பியிருந்தால், அங்கே உள்நுழைந்து பார்த்தால் கடைசியாக அனுப்பிய கோப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஏற்றும்முன் வேர்டில் உள்ள திருத்தக் குறிகளையும் ஓரக் குறிப்புகளையும் நீக்கிவிடுங்கள். படங்களைத் தனிக் கோப்பாக அனுப்பியிருந்தால், அவற்றையும் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். படங்களே இல்லாத கட்டுரை படிப்பவருக்குப் பாதிதான் பயன்படும்.

அடுத்தது, ‘தடைக்காலம் முடியட்டும், அப்புறம் ஏற்றலாம்’ என்று தள்ளிப்போடுவது. கட்டுரை வெளியான நாளிலிருந்து 6, 12, 24 மாதம் என்று இதழுக்கு ஏற்ப, கோப்பைப் பொதுவில் திறக்கக் கூடாத ஒரு தடைக்காலம் இருக்கலாம். அதற்காகக் காத்திருக்கவே தேவையில்லை. கோப்பை இன்றே ஏற்றி, திறக்க வேண்டிய தேதியைக் குறித்துவிட்டால், அந்த நாள் வந்ததும் களஞ்சியமே திறந்துவிடும். அதுவரை படிக்க விரும்புகிறவர் ஒரு பிரதி கேட்டு உங்களுக்கு எழுதுவதற்கான பொத்தானும் பல களஞ்சியங்களில் உண்டு. 24 மாதம் கழித்து நாமே நினைவு வைத்து ஏற்றுவோம் என்பது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

தாமதத்துக்கு விலையும் உண்டு. பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை அளக்கும் பிரிட்டனின் ரெஃப் 2021 மதிப்பீட்டுக்கு, 2018 ஏப்ரல் முதல் ஏற்கப்பட்ட இதழ்க் கட்டுரைகளை, சில விதிவிலக்குகள் தவிர, ஏற்கப்பட்ட 3 மாதத்துக்குள் களஞ்சியத்தில் சேர்த்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்சின் நிதியில் நடந்த ஆய்வென்றால், 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்குத் தடைக்காலமே கிடையாது, வெளியாகும் நாளிலேயே பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியத்தில் திறந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றியதோடு இந்தக் கடமை முடிந்துவிடாது என்பதையும் கவனியுங்கள். நிதி தருபவரின் விதி வேறு, பல்கலைக்கழகத்தின் விதி வேறு.

எந்த இதழ் எந்த வடிவத்தை எப்போது திறக்க விடும் என்று ஊகிக்கவும் வேண்டாம், பக்கத்து அறை நண்பரைக் கேட்டு முடிவு செய்யவும் வேண்டாம். ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் பலருக்குப் பழக்கமான, இப்போது ஓபன் பாலிசி ஃபைண்டர் என்று பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்துகிற தளத்தில் இதழின் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். அதோடு நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் ஒருமுறை படியுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் கொள்கையையும் பார்ப்பது நல்லது: 2008-இல் ஹார்வர்டின் கலை அறிவியல் பிரிவு ஆசிரியர்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டது போல, கட்டுரையைத் திறந்து வைக்கும் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே தந்துவிடுகிற கொள்கை உங்கள் இடத்திலும் இருக்கலாம். இருந்தால் தடைக்காலம் இல்லாமலேயே திறக்க வழி உண்டு. தெரியாததால் விட்டுவிடுவது வருத்தமான இழப்பு.

‘ரிசர்ச்கேட்டில் போட்டுவிட்டேனே, போதாதா?’ போதாது. அது ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிரும், ஒரு தனியார் நிறுவனத்தின் தளம். பல்கலைக்கழகக் களஞ்சியத்துக்கு அனுமதி தரும் பதிப்பகங்கள் அதற்கும் தரும் என்று சொல்ல முடியாது. எல்செவியர் பதிப்பகமும் அமெரிக்க வேதியியல் சங்கமும் 2017-இல் ஜெர்மனியில் அந்தத் தளத்தின் மீது வழக்குப் போட்டன, 2023-இல்தான் அது சமரசத்தில் முடிந்தது. ஒரு நிறுவனம் நாளை விற்கப்படலாம், மூடப்படலாம். நிரந்தர இணைப்போடு காத்து வைப்பது களஞ்சியத்தின் வேலை.

உரிமம் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் பட்டியலில் முதலில் இருப்பதைத் தட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. பதிப்புரிமையை இதழுக்கு எழுதிக் கொடுத்தபின், விரும்பிய உரிமத்தை நீங்களாக வைக்க முடியாது. உதாரணமாக எல்செவியரின் சந்தாக் கட்டுரைகளின் கைப்பிரதிக்கு, வணிகப் பயன்பாட்டையும் மாற்றங்களையும் அனுமதிக்காத சிசி பிஒய்-என்சி-என்டி உரிமம்தான் வைக்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது என்பதால் இந்த ஒரு கட்டத்தில் மட்டும் நிதானம் வேண்டும்.

முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் கவனம் இரண்டு மடங்கு தேவை. தேர்வாளர்கள் படிப்பதற்காக மட்டும் சேர்த்த பிறருடைய படங்கள், வரைபடங்கள் உலகமே இறக்கிக்கொள்ளும்படி வெளியாகும்போது தனி அனுமதி தேவைப்படலாம். நேர்காணல் கொடுத்தவர்களின் பெயர், அடையாளம், கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவங்கள் எல்லாம் பின்னிணைப்பில் அப்படியே கிடக்கும், உங்களை நம்பிப் பேசியவர்கள் அவர்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கண்டுபிடிப்புக்குப் பேட்டண்ட் வாங்கும் எண்ணம் இருந்தால் விண்ணப்பித்த பிறகே ஆய்வேட்டைத் திறக்க வேண்டும். அமெரிக்காவில் வெளியிட்டபின் 1 வருட அவகாசம் உண்டு, ஐரோப்பியப் பேட்டண்டுக்கு அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது, உங்கள் ஆய்வேடே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

விவரப் பக்கத்தை நிரப்புவதில் பெரிய நுட்பம் ஒன்றுமில்லை. கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண், ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண், சக ஆசிரியர்கள் எல்லோருடைய பெயர், நிதி கொடுத்தவர் பெயர். இவற்றை விடாமல் போடுங்கள். கோப்பு ஸ்கேன் செய்த படமாக இல்லாமல், எழுத்துகளைத் தேடும்படி இருக்கட்டும், 5 எம்பிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் கூகுள் ஸ்காலர் முழுக் கட்டுரையை எடுத்துக்கொள்ளாது.

தவறான கோப்பை ஏற்கனவே ஏற்றிவிட்டீர்கள் என்றால், அதே கட்டுரைக்கு இன்னொரு பதிவு தொடங்காதீர்கள். இரண்டு பதிவு, இரண்டு இணைப்பு என்று ஆகி எதைச் சுட்டுவது என்று படிப்பவர் குழம்புவார். நூலகத்துக்கு இரண்டு வரி எழுதினால் போதும், அதே பதிவில் கோப்பை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள், நீங்கள் முன்பே பகிர்ந்த இணைப்பும் உடையாமல் இருக்கும்.