முதலில் பசை போகட்டும்
வால்பேப்பரை உரித்ததும் சுவர் சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். ஈரக் கையால் தடவிப் பாருங்கள். வழவழவென்று வழுக்கினால் பசை இன்னும் இருக்கிறது. என் அறையில் அதைக் கவனிக்காமல் பெயிண்ட் அடித்தேன். சில வாரங்களில் ஜன்னலுக்குக் கீழே நுணுக்கமாக வெடித்து, செதில் செதிலாக உதிர்ந்தது.

வெதுவெதுப்பான நீரில் ஸ்பாஞ்சை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கழுவுங்கள். நீரை அடிக்கடி மாற்றுங்கள். கலங்கிய நீர் பசையைத் திரும்பச் சுவரிலேயே பூசும். சந்தேகமா? ஒரு சொட்டு அயோடின் வையுங்கள், மாவுப் பசை இருந்தால் கருநீலமாகும். ஸ்விட்ச் போர்டு பக்கம் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஈரம் படவேண்டும்.

நன்றாகக் காயவிட்டு, பள்ளங்களில் பட்டி பூசி, அது உலர்ந்ததும் மாஸ்க் போட்டுக்கொண்டு 180-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். தூசியைத் துடைத்து, பிரைமர் ஒரு கோட் அடித்த பிறகே பெயிண்ட்.