கரு கலைந்த பின் வரும் உதிரப்போக்கு: வீட்டில் நிகழும் தவறுகள்

நாள் தள்ளிப்போய், பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு பார்த்து, இன்னும் ஊருக்குச் சொல்லாமல் இருக்கும் ஏழாவது, எட்டாவது வாரத்தில் கரு கலைந்துவிடுவது அரிதான ஒன்றல்ல. உறுதியான கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை இப்படி முடிகின்றன. பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள்.

காவிரிப் படுகை வீடுகளில் அப்போது முதலில் நடப்பது காரணம் தேடுவதுதான். நாற்றுப் பறிக்கப் போனாள், கும்பகோணத்துக்குப் பேருந்தில் போய்வந்தாள், பப்பாளி தின்றாள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, கரு உருவானபோதே குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிழையால் வளராமல் போனவை. ஒரு நாள் குனிந்து நட்டதாலோ, பேருந்து குலுங்கியதாலோ, ஒரு துண்டுப் பழத்தாலோ அது நேர்வதில்லை. இந்தப் பழியை நான் முதல் தவறாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பழிக்கு அஞ்சும் பெண் தனக்கு எவ்வளவு உதிரம் போகிறது என்பதை மாமியாரிடமும் சொல்லமாட்டாள், கணவனிடமும் சொல்லமாட்டாள்.

அளவு பார்க்காமல் விடுவதுதான் உயிருக்கு ஆபத்தான தவறு. வழக்கமான மாதவிலக்கைவிட அதிகமாக, கட்டி கட்டியாக, அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலியோடு சில மணி நேரம் உதிரம் போவது இயல்பு. பிறகு குறைந்து, பழுப்பு நிறமாகி, இரண்டு வாரம் வரை கசியலாம். ஆனால் மணிக்கு இரண்டு பேடு வீதம், தொடர்ந்து இரண்டு மணி நேரம் முழுதாக நனைந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மடித்த பழந்துணியில் இந்தக் கணக்குப் பிடிபடாது என்பதால், துணி பழகியவர்களும் அந்த நாட்களில் பேடு வைப்பது நல்லது. சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், மாற்றிய நேரத்தை எழுதி, பக்கத்தில் முழுதா, பாதியா என்று குறித்தால் போதும்.

உதிரம் கண்டதுமே கலைந்துவிட்டது என்று வீட்டிலேயே முடிவுகட்டுவது இன்னொரு தவறு. முதல் மூன்று மாதத்தில் லேசாக உதிரம் கண்டும் குழந்தை நலமாகப் பிறந்த கர்ப்பங்கள் ஏராளம். மறுபுறம், கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கியிருந்தால் வெளியே சொட்டுச் சொட்டாகவே தெரியும். உள்ளே குழாய் வெடித்து உயிருக்கு ஆபத்தாகலாம். ஒரு பக்கமாகக் குத்தும் வயிற்றுவலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆகவே ஸ்கேன் பார்க்காமல் மருந்துக்கடையில் "சுத்தமாக்கும் மாத்திரை" கேட்டு வாங்குவதும், கஷாயம் கொடுப்பதும் கூடவே கூடாது. கருவின் எச்சம் உள்ளே தங்கியிருக்கிறதா, தானாகப் போகுமா, மாத்திரையா, உறிஞ்சி எடுப்பதா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் நாற்றமுள்ள போக்கும் கிருமித்தொற்றின் அறிகுறிகள். உதிரம் நிற்கும் வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும்.

கரு கலைந்து ஒரு வாரத்தில் மறுபடி அட்டை போட்டுப் பார்த்து, இரண்டு கோடு வந்ததும் கரு இருக்கிறது என்று நம்பி ஏமாறுகிறார்கள். கர்ப்ப ஹார்மோன் உடலிலிருந்து நீங்கச் சில வாரம் பிடிக்கும். அடுத்த மாதவிலக்கு பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் வரும். அதற்கு முன்பே கருத்தரிக்க முடியும் என்பதையும் பலர் அறிவதில்லை.

பத்தியம் என்று ரசமும் சோறுமாக வயிற்றைக் காயப்போடுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். உதிரம் இழந்த உடம்புக்குக் கீரையும் முட்டையும் மீனும் பருப்பும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அதை டீயோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம்.

கடையிலோ பள்ளியிலோ மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் மூன்றாம் நாளே வேலைக்கு ஓடுகிறார்கள். கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு தரச் சட்டத்தில் இடமுண்டு. மருத்துவச் சான்று வாங்கி வைக்க வேண்டும். நடவுக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அப்படிக் கேட்க ஓர் இடம் இல்லாததால், அந்த நாட்களின் வேலையை வீட்டார்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது ஸ்கேன் தாளையும் அந்த நாட்காட்டிக் குறிப்பையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். இரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் அதை முதலிலேயே சொல்லி, அடுத்த கர்ப்பத்துக்குப் பாதிப்பு வராமல் காக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று கேட்க வேண்டும். தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.