ஐந்து நாள் கணக்கு: சென்னை மழைக்கு வீட்டைத் தயார் செய்வதும், அதை எங்கே நிறுத்துவது என்பதும்

2024 அக்டோபரில் சென்னைக்கு சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் நெடுகக் கார்கள் வரிசையாக நின்றன. 16ஆம் தேதி பயந்த அளவுக்கு மழை கொட்டவில்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுநாள் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்து போய்விட்டது. "இதற்குப் போய் இவ்வளவு பீதியா?" என்று பலர் கேட்டார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அந்தப் பகுதியில் தண்ணீரில் மூழ்கி நின்ற கார்களைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். இரண்டு ராத்திரி காரை மேட்டில் விடுவதற்கு ஒரு செலவும் இல்லை, ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சரிசெய்ய லட்சக்கணக்கில் போகும். அதைச் செய்ததில் தப்பே இல்லை.

அதே வாரம் ஐந்தாவது மாடியில் குடியிருப்பவர் இருபது பாக்கெட் பால் வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கியிருந்தால், அதைப் பீதி என்று சொல்லலாம். கரண்ட் போனால் அந்தப் பாலும் கெடும், கைக்குழந்தை உள்ள பக்கத்து வீட்டுக்கும் கிடைக்காது. தயாராவது சரிதான். எதற்கு, எத்தனை நாளுக்கு என்று அளந்து தயாராக வேண்டும். அந்த அளவை உங்கள் தெருவே சொல்லும்.

முதலில் இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்

ஒன்று, தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள், அடையாறு கரை மீறியது. அப்போதும், 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கீழ்வீட்டுக்காரரையோ மூலைக்கடைக்காரரையோ கேளுங்கள். பல சுவர்களில் கறை இன்னும் இருக்கும். இரண்டில் எது உயரமோ அதை உங்கள் வாசற்படியிலிருந்து டேப் வைத்து அளந்து, மேலே ஒரு அடி சேர்த்து, வீட்டுக்குள் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கெடக்கூடிய எதுவும் அக்டோபர் முதல் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கக்கூடாது.

இரண்டாவது, கரண்ட் எத்தனை நாள் இல்லை. பள்ளமான பகுதிகளில் அந்த இரண்டு வெள்ளத்திலும் பல நாள் மின்சாரம் வரவில்லை. 2016இல் வர்தா புயல் வந்தபோது வெள்ளம் பெரிதாக இல்லை, ஆனால் காற்றில் மரங்களும் கம்பங்களும் சாய்ந்து மேட்டுப் பகுதிகளும் இருட்டில் கிடந்தன. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஒரு சென்னை வீட்டுக்கு ஐந்து நாள் என்பது நியாயமான கணக்கு. ஒரு மாதத்துக்குச் சேர்ப்பது வீண்செலவு. ஒரே நாளுக்கு மட்டும் என்றால் போதாது. இரண்டாம் மாடிக்கு மேலே இருப்பவர்களுக்கு மணல் மூட்டை வேண்டாம், கரண்ட்டும் தண்ணீரும்தான் அவர்கள் பிரச்சினை. கீழ்வீட்டுக்காரர்களுக்கு எல்லாமே பிரச்சினை.

தண்ணீர்: அதிகம் தவறு நடக்கும் இடம்

குடிக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், சமைக்க 2 லிட்டர். நான்கு பேருக்கு ஐந்து நாளைக்கு 100 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. பெரும்பாலான வீடுகளில் இரண்டு மூன்று கேன் எப்போதும் இருக்கும். மிச்சத்தை மூடி போட்ட குடங்களில் பிடித்து வையுங்கள்.

புழக்கத்துக்கு மேல்தொட்டிதான் கதி. 1000 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் நான்கு பேருக்கு ஆளுக்கு 50 லிட்டர் வீதம் ஐந்து நாள் வரும். அடுக்குமாடிகளில் கரண்ட் போன முதல் நாளே தொட்டி காலியாகிவிடும், காரணம் எல்லோரும் வழக்கம்போலத் திறந்துவிடுவதுதான். காவலாளியிடம் சொல்லி மொட்டை மாடியில் கேட் வால்வை மூடிவிட்டு, காலையும் மாலையும் அரை மணி நேரம் மட்டும் திறந்தால் அதே தண்ணீர் நான்கு நாள் தாங்கும். இதை மழைக்கு முன்பே சங்கத்தில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீர் தீர்ந்த பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும்.

சம்ப்பில், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில்தான் நோய் வருகிறது. மூடி தரையோடு தரையாக இருக்கும் சம்ப்பில் சாக்கடை கலந்த வெள்ளம் நேராக இறங்கும். மூடியைச் சுற்றிச் செங்கல் வைத்து ஒரு அடி உயர்த்திப் பூசி, ரப்பர் பட்டை வைத்த மூடி போடுங்கள். மோட்டார் ஒயர் போகும் ஓட்டையையும் ஓவர்ஃப்ளோ பைப்பையும் அடைக்க மறந்துவிடுவார்கள், தண்ணீர் அதன் வழியாகவே வரும். மழைக்கு முன் சம்ப்பை நிரப்பியே வையுங்கள். நிரம்பிய சம்ப்பில் வெளித்தண்ணீர் கசிவது குறைவு. பூமியில் புதைத்த பிளாஸ்டிக் தொட்டி காலியாக இருந்தால் நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிவிடும். வெள்ளம் மூடியைத் தொட்டுவிட்டால் மோட்டாரைப் போடவே கூடாது. பழக்கத்தில் யாராவது சுவிட்சைத் தட்டினால் மேல்தொட்டியில் இருக்கும் நல்ல தண்ணீரும் கெட்டுவிடும். சுவிட்ச் மேல் காகிதம் ஒட்டி எழுதி வையுங்கள்.

வாசலுக்கு முன் பாத்ரூம்

பல கீழ்வீடுகளில் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வருவதில்லை. தெருச் சாக்கடை நிரம்பியதும் கழிவுநீர்க் குழாய் வழியே பின்வாங்கி, பாத்ரூம் ஜாலியிலும் (தரையில் தண்ணீர் வடியும் ஓட்டை மூடி) டாய்லெட்டிலும் பொங்கும். வாசலில் பத்து மூட்டை அடுக்கிவிட்டு உள்ளே திரும்பினால் பாத்ரூமிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடிவரும். தடித்த பிளாஸ்டிக் பையில் பாதி அளவு மணல் போட்டு இறுகக் கட்டி, டாய்லெட்டுக்குள் ஒன்று, ஒவ்வொரு ஜாலி மேலும் ஒன்று வையுங்கள். முழுக்க நிரப்பிய பை வளைந்து படியாது, பாதி நிரப்பியதுதான் இடுக்கில் அமரும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் வெளிச் சேம்பரில் பிளம்பரை வைத்து நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்ப வரவிடாதது) போடலாம். வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சுத்தம் செய்யாவிட்டால் குப்பை சிக்கி மூடாமல் நின்றுவிடும்.

கரண்ட்

தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கும்போதே மெயினை அணையுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்து நீங்கள் அதில் நின்றுகொண்டிருந்தால் மெயின் பக்கமே போகாதீர்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வீட்டு ஒயரிங்குக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதையும் சேர்த்து அணைத்தால்தான் பிளக் பாயிண்டுகள் செத்ததாக அர்த்தம்.

இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், அவசரத்தில் தனியாளாகத் தூக்க முடியாது. செப்டம்பரிலேயே இரண்டு பேர் சேர்ந்து பென்சில் கோட்டுக்கு மேலே உறுதியான ஸ்டாண்டில் ஏற்றி, டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் அதிலிருந்து சுமார் 1200 வாட்-ஹவர் எடுக்கலாம். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட், இரண்டு எல்.இ.டி. 18, ரௌட்டர் 10 என்றால் பன்னிரண்டு மணி நேரத்தில் தீரும். அந்த ஃபேனுக்குப் பதில் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இருந்தால் இருபது மணி நேரம் வரும். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் மட்டும் ஓட்டினால் மூன்று நாளுக்கு மேல் ஓட்டலாம். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட ஃபேனை மாற்றுவது மலிவு, வருஷம் முழுக்க மின்கட்டணமும் குறையும். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் இன்றைய போன்களை மூன்று தடவை நிரப்பும், பெட்டியைப் பார்த்து நான்கு என்று கணக்குப் போடாதீர்கள்.

செல்போன் டவர்களிலும் பேட்டரியும் டீசலும் தீரும். போன் லைன் கிடைக்காதபோது எஸ்.எம்.எஸ். போய்விடுவதுண்டு. மதுரையிலோ கோவையிலோ இருக்கும் ஒரு உறவினரை எல்லோருக்கும் பொதுவாக வைத்து, அவருக்குத் தகவல் சொல்வது என்று குடும்பத்தில் பேசிவிடுங்கள். 1070 (மாநிலக் கட்டுப்பாட்டு அறை), 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை), 1913 (சென்னை மாநகராட்சி), 108 (ஆம்புலன்ஸ்), 112 (அவசர உதவி) ஆகிய எண்களைக் காகிதத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். டவர் போனால் யு.பி.ஐ.யும் போகும், நூறும் ஐம்பதுமாக ஐயாயிரம் ரூபாய் கையில் இருக்கட்டும்.

அடுப்படியும் மருந்துப் பெட்டியும்

அரிசி பருப்பு எல்லா வீட்டிலும் ஐந்து நாளுக்கு இருக்கும், அதைக் கூடுதலாக வாங்க வேண்டாம். குறைவது பாலும் அடுப்பும்தான். 500 கிராம் பால் பவுடரில் சுமார் நான்கு லிட்டர் பால் கரைக்கலாம். அடுப்பு பற்றவைக்க முடியாத நேரத்துக்கு ஒரு கிலோ அவல், வெல்லம், பொட்டுக்கடலை, ரஸ்க், வாழைப்பழம். இட்லி மாவை நம்பாதீர்கள், ஃப்ரிட்ஜ் நின்ற மறுநாளே பொங்கிவிடும்.

கேஸ் சிலிண்டரைக் கட்டி வையுங்கள். 14.2 கிலோ கேஸ் நிரம்பிய சிலிண்டரின் மொத்த எடை முப்பது கிலோ அளவு, அது தள்ளும் தண்ணீரோ முப்பத்தைந்து கிலோ. அதனால் நிரம்பிய சிலிண்டரே மிதக்கும், டியூபைப் பிடுங்கிக்கொண்டு நகரும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டுங்கள்.

மருந்து மட்டும் ஐந்து நாள் கணக்கில் வராது, அதைப் பதினைந்து நாளுக்கு வாங்குங்கள். மழை நின்ற பிறகும் மருந்துக்கடைக்குச் சரக்கு வர நாளாகும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன மண்பானையைப் பெரிய பானைக்குள் வைத்து, இடையில் ஈர மணல் நிரப்பி, அதற்குள் வையுங்கள். நேராக ஐஸ் மேல் வைத்து உறையவிட்டால் அந்த மருந்து வீண். டயாலிசிஸ் செய்பவர்களும் பிரசவத் தேதி நெருங்கியவர்களும் ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததுமே மருத்துவமனைக்குப் பக்கத்தில் போய்விடுவது நல்லது. இதை அதிகப்படி என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்கள் உங்கள் பிளாக்கில் யார் யார் என்று ஒரு பட்டியல் வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டைப் பொறுப்பாக்குங்கள்.

பத்திரம், பட்டா, மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு உறையில் போட்டு, பரணில் வையுங்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியில் வருபவற்றை இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள்.

எப்போது எதை நம்புவது

வானிலை மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ.க்கு மேல் கனமழை, 11.5க்கு மேல் மிகக் கனமழை, 20க்கு மேல் அதிகனமழை. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் தொட்டி, கேன், போன் எல்லாவற்றையும் நிரப்புங்கள். சிவப்பு வந்தால் காரை மேட்டுக்கு ஏற்றுங்கள், ஜாலிகளை அடைத்துவிடுங்கள். கார் தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். உள்ளே போன தண்ணீரை பிஸ்டன் அழுத்த முடியாமல் இன்ஜின் உடையும், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பைச் சேர்க்காத கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் அதற்குப் பெரும்பாலும் பணம் வராது. ஏரி உடைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருவதை அரசு அறிவிப்போடு ஒப்பிடாமல் அனுப்பாதீர்கள். 2015இல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளி எத்தனையோ பேரின் தூக்கத்தைக் கெடுத்தது.

தண்ணீர் வடிந்த பிறகு

நனைந்த பிளக் பாயிண்டுகளை எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். சம்ப்பை முழுக்க இறைத்து, சேற்றை வழித்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் பிடியுங்கள். 1000 லிட்டருக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, புதிய பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு கீழே படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, திறந்து கிடந்த பழைய பவுடரிலும் வேலை இருக்காது. குடிக்கும் தண்ணீரை அதற்குப் பிறகும் சில நாள் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

பொங்கலுக்கு முன் எல்லாவற்றையும் கலைத்துவிடுங்கள். கேன் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடுங்கள், பால் பவுடரைப் பாயசத்துக்கு எடுங்கள், மருந்தைத் தேதி பார்த்து முன்பின்னாக அடுக்குங்கள், டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றுங்கள், பணத்தைச் செலவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் கோடு மட்டும் சுவரில் இருக்கட்டும். வெள்ளையடிக்க ஆள் வந்தால் அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.