கை அடிபட்ட பிறகு: தையல் பிரித்ததும் தொடங்கும் தவறுகள்

பவர் பிரஸ்ஸில் கை மாட்டியவர், பைக்கிலிருந்து விழுந்தவர், கண்ணாடி கிழித்து மணிக்கட்டு அறுந்தவர் என்று யாராக இருந்தாலும், தையல் பிரித்த அன்று வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். டாக்டர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார், இனி தானாகச் சரியாகிவிடும் என்ற நினைப்பு. கையைப் பொறுத்தவரை இது பெரிய தப்பு. அருமையாகத் தைத்த கைகூட, அடுத்த சில வாரங்களில் நாம் செய்வதாலும் செய்யாமல் விடுவதாலும் இறுகிப்போகும்.

முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாவுக்கட்டோ நாட்டுக் கட்டோ, போட்ட பிறகு வலி ஏறிக்கொண்டே போகிறது, விரல் மரத்துப்போகிறது, யாராவது விரலை மெல்ல நிமிர்த்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளே ரத்த ஓட்டம் நின்றால் முன்கைத் தசை சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். செத்த தசை சுருங்கி, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் 1881லேயே இதை விவரித்துவிட்டார். இன்றும் குழந்தைகளின் கை இப்படிப் போகிறது. நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்தது வீக்கம். வீங்கிய கையைத் தொங்கப்போட்டபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். ஸ்லிங் (கையைக் கழுத்திலிருந்து தாங்கும் துணி) போட்டாலும் பல பேருக்குக் கை வயிற்றுக்குக் கீழே இறங்கிக் கிடக்கும். வீக்கத்தில் சேர்ந்த நீர் வாரக்கணக்கில் தேங்கினால் மூட்டுகளைச் சுற்றி ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். படுத்திருக்கும்போது தலையணை மேல் தலையணை வைத்து, கை நெஞ்சு மட்டத்தைவிட உயரமாக இருக்கும்படி பாருங்கள். மோதிரத்தை அடிபட்ட உடனேயே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கட்டுக்கு வெளியே இருக்கும் மூட்டுகளை, டாக்டர் தடை சொல்லாதவரை, அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கட்டு முறிவுக்கு வந்தவர், மணிக்கட்டு கூடிய பிறகு தோள்பட்டை தூக்க முடியாமல் திரும்பி வருவது சாதாரணமாக நடக்கிறது. அந்தத் தோளுக்கு அடியே படவில்லை, சும்மா வைத்திருந்ததுதான் காரணம்.

விரலை மடக்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்) அறுந்து தைத்தவர்கள் இரண்டு எதிரெதிர்த் தவறுகளைச் செய்கிறார்கள். ஒருவர் பயந்துபோய் விரலை அசைக்கவே மாட்டார். இன்னொருவர் வலி இல்லையே என்று மூன்றாம் வாரமே ஸ்பிளிண்டை (கையை அசையாமல் தாங்கும் அச்சுப் பட்டையை) கழற்றிவிட்டு வாளியைத் தூக்குவார். அசைக்காவிட்டால் தைத்த இடம் சுற்றியுள்ள திசுவோடும் தழும்போடும் ஒட்டிக்கொண்டு நழுவாமல் நின்றுவிடும். பலமாக இழுத்தால் தையல் விட்டுப்போகும். உள்ளங்கை மடிப்பிலிருந்து விரலின் நடு எலும்பு வரையான பகுதி இதில் படு மோசம். அங்கே அறுந்தால் உடனே தைக்கவே கூடாது என்றுதான் ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்கள் நினைத்தார்கள். 1960களில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹரால்ட் கிளைனர்ட் குழுவினர், உடனே தைத்து, கட்டுக்குள்ளேயே அளவாக அசைக்க வைத்து, நல்ல பலன் காட்டினார்கள். இன்றைய முறைகள் அந்த வழியில் வந்தவை.

அந்த அளவான அசைவு எப்படி இருக்கும்? புறங்கைப் பக்கம் ஸ்பிளிண்ட் இருக்கும். அடிபடாத கையால் விரல்களை மெதுவாக உள்ளங்கைக்குள் மடக்கிவிட்டு, பிறகு நீங்களாகவே ஸ்பிளிண்டைத் தொடும் வரை நிமிர்த்த வேண்டும். இது பல வழிகளில் ஒன்று மட்டுமே. உங்கள் கைக்கு எது பொருந்தும் என்று கைப்பயிற்சி தரும் தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். முதல் சில வாரம் தையல் இருக்கும் இடம் வலுவிழந்துதான் இருக்கும். ஏறக்குறைய 6 வாரம் ஸ்பிளிண்ட், கனமான வேலைக்கு 12 வாரம் என்பது பொதுவான கணக்கு. குளிக்கும்போது மட்டும்தானே என்று கழற்றி, வழுக்கி, அனிச்சையாகக் குழாயைப் பிடித்தாலே போதும், தையல் போய்விடும். நேற்று வரை மடங்கிய விரல் இன்று திடீரென மடங்கவில்லை என்றால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

முழங்கை விஷயத்தில் நம் ஊரில் நடப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். கட்டு பிரித்ததும் கை நீளவில்லை என்று எண்ணெய் போட்டு நீவச் சொல்வார்கள். நீவுகிறவர் முழங்கையை வலுவாக இழுத்து நீட்டுவார், பிள்ளை கத்தும், "வலிச்சாத்தான் சரியாகும்" என்பார்கள். அடிபட்ட முழங்கையை இப்படி வதைத்தால் தசைக்குள் எலும்பு வளர வாய்ப்பு உண்டு. அதற்கப்புறம் மூட்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளலாம். முழங்கை மெதுவாகத்தான் நீளும். நோயாளி தன் சொந்தப் பலத்தில் நீட்டி மடக்குவதுதான் அங்கே மருந்து.

பைக் விபத்தில் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்பு பிய்ந்து, கை முழுதும் தொங்கிப்போகிறவர்கள் பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். அவர்கள் செய்யும் தவறு காத்திருப்பது. நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். தோளிலிருந்து கைக்கு வந்து சேர்வதற்குள், நரம்பு கிடைக்காத தசை திரும்ப உயிர்பெற முடியாத நிலைக்குப் போய்விடும். அறுவை சிகிச்சை தேவை என்றால், முதல் 6 மாதத்துக்குள் செய்வதுதான் நல்லது. ஒரு வருஷம் தைலம் தேய்த்துவிட்டுப் போனால் மருத்துவர் கையில் வழிகள் குறைந்துவிடும். நரம்பு வரும் வரை மூட்டுகள் இறுகாமல் தினமும் அசைத்து வைப்பது குடும்பத்தாரின் வேலை.

உணர்ச்சி இல்லாத கையைப் பற்றி வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டது எல்லோருக்கும் பொருந்தும்: வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே விரல்களைப் பெரும்பாலும் அழித்தன. சூடான டம்ளர், தோசைக்கல், சைலன்சர் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, மறு கையால் தொட்டுப் பார்த்த பிறகே பிடியுங்கள். தினமும் ஒரு தடவை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், கொப்புளம் வந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம். துண்டான விரலை ஒட்டவைத்தவர்களுக்கு அது நேரடி ஆபத்து. காயத்துக்குச் சம்பந்தமில்லாத அளவு எரிச்சல், வியர்வை, நிறமாற்றம், தொட்டாலே துடிப்பது போன்றவை வந்தால் மனப்பிரமை என்று யாரும் ஒதுக்கக் கூடாது. அதற்கென்று சிகிச்சை இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

தெரபிக்குத் தினமும் போக வண்டிக்காசும் லீவும் கிடைக்காதவர்கள் நிறையப் பேர். அதனால் நிறுத்திவிடாதீர்கள். சென்னை ஸ்டான்லி போல கைக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் அரசு மருத்துவமனை உண்டு. போகிற நாளில் வீட்டுப் பயிற்சியை எழுதி வாங்கி, தெரபிஸ்ட் முன்னாலேயே ஒரு முறை செய்துகாட்டுங்கள். ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்து கையை வீங்க வைப்பதைவிட, அவர் சொன்ன எண்ணிக்கையில் மணிக்கொரு தடவை செய்வது நல்லது. அப்புறம், நீங்கள் தறி ஓட்டுகிறவரா, பூ கட்டுகிறவரா, லாரி ஓட்டுகிறவரா என்று அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், எந்தப் பிடியை முதலில் மீட்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவுசெய்வார்.