டோஸ் கூடிப்போனால்

நாலு கிலோ நாய்க்குட்டி. வலிக்குப் போடும் மெலாக்சிகாம் ஊசி, மில்லிக்கு 5 மில்லிகிராம். 0.16 மில்லி போதும். புள்ளியைத் தவறவிட்டு 1.6 போட்டுவிட்டேன். பத்து மடங்கு. காலி சிரிஞ்சைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முதலில் குட்டியைக் கவனியுங்கள், உங்கள் பயத்தை அப்புறம் பார்க்கலாம். ஊசியில் போனதை வாந்தி எடுக்கவைத்து வெளியேற்ற முடியாது. உடனே டிரிப்ஸ், வயிற்றில் புண் வராமலிருக்க மருந்து. ஸ்டீராய்டு பக்கமே போகாதீர்கள். சிறுநீரகம்தான் பெரிய கவலை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினினை அன்றே பார்த்து, மூன்று நாளாவது தொடருங்கள்.

அடுத்து, வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அம்மா. “குட்டிக்கு மருந்து ஒத்துக்கலை” என்று மழுப்ப நாக்கு துடிக்கும். வேண்டாம். “அளவு கூடிப்போச்சும்மா, தப்பு என்னோடது. இனி ஆகுற செலவு என் பொறுப்பு” என்றேன். திட்டினார், கேட்டுக்கொண்டேன்.

கேஸ் ஷீட்டில் போட்ட அளவையும் நேரத்தையும் அப்படியே எழுதுங்கள். பழையதை அடித்துத் திருத்துவது தப்பைவிடப் பெரிய தப்பு.

குட்டி பிழைத்தது. இப்போது சின்ன உடம்பு என்றால் என் கையில் 1 மில்லி சிரிஞ்ச் மட்டும்தான். அதில் 1.6 ஏறவே ஏறாது.