நடைபாதைக் குடும்பங்களுக்கு உதவ வருபவர்கள் முதலில் ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள்

சென்னையில் வீடற்றவர் என்றதும் பலருக்கும் கோயில் வாசலில் கையேந்தும் முதியவர்தான் நினைவுக்கு வருவார். இரவு பத்து மணிக்கு மேல் பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை, யானைகவுனி, ராயபுரம் பக்கம் நடந்து பார்த்தால் வேறு காட்சி. ஷட்டர் இறங்கும்வரை காத்திருந்து, கடைக்கு முன்னால் பாய் விரிக்கும் குடும்பங்கள். அதே பிளாட்பாரத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, பேரப்பிள்ளையும் எடுத்தவர்கள் அவர்களில் உண்டு. பகலில் மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், பூ கட்டுகிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள். இவர்களுக்கு உதவுவது ஒரு வேலை. ஆதரவில்லாமல் தனியே விழுந்து கிடக்கும் ஒருவருக்கு உதவுவது முற்றிலும் வேறு வேலை. முன்னவர்களுக்குத் தேவை பெரும்பாலும் காகிதமும் பள்ளியும் வாடகைக்கு வழியும். பின்னவருக்கு மருத்துவமனையும் படுக்கையும்.

ஊர் முழுக்கச் சுற்றிப் பொட்டலம் கொடுப்பதைவிட, ஒரே தெருவில் ஒரு வருடம், வாரம் ஒருநாள் விடாமல் போவது பல மடங்கு பலன் தரும். கீழே உள்ளதெல்லாம் அதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

முதல் மாதம்

நான்கு பேர் போதும். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பத்துப் பேர் கும்பலாகப் போய் நின்றால் ஏதோ காலி செய்ய வந்திருக்கிறார்கள் என்றுதான் தெருவே நினைக்கும். அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் உங்கள் பெயர்களையும், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் நான்கு வாரம் எதுவும் கொடுக்க வேண்டாம். இரவு ஒன்பதரைக்கும் விடியற்காலை ஐந்துக்குமாக இரண்டு வேளையில் போய்ப் பாருங்கள். வாழைக்காய் எண்ணுவதுபோல் தலையை எண்ணிக்கொண்டு போகாமல், உட்கார்ந்து பேசுங்கள். "அக்கா", "அண்ணா", "ஐயா", "ஆயா" என்று கூப்பிட்டு, "நீங்க" என்றே பேச வேண்டும். அழுக்குத் துணியைப் பார்த்ததும் தானாக "நீ" என்று வாயில் வந்துவிடுகிறது. முதல் நாளே உறவு கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லால்தான்.

ஒரு நீளமான நோட்டு வாங்கி, குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், வயது, என்ன வேலை, எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில், யாருக்கு எந்தச் சான்று இருக்கிறது, யார் மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஆதார் எண்ணை நோட்டில் எழுதாதீர்கள். "இருக்கு / இல்லை / தொலைஞ்சது" என்று குறித்தால் போதும். போட்டோ வேண்டவே வேண்டாம். தூங்கும் பெண்களும் குளிக்க மறைவிடம் இல்லாத பிள்ளைகளும் உங்கள் கைபேசியில் பதியக் கூடாது.

சாப்பாடு கொடுப்பதானால்

சாப்பாடு கொடுக்க ஆள் இல்லாத இடம் எது, கிழமை எது என்று முதலில் விசாரியுங்கள். ஞாயிறும் அமாவாசையும் பண்டிகையும் வந்தால் ஒரே இடத்தில் மூன்று வண்டி நிற்கும், பொட்டலம் குப்பையில் கிடக்கும். செவ்வாய், புதன் இரவுகளில் ஆளிருக்காது. மழைநாளில் வேலையும் இல்லை, அடுப்பு மூட்டவும் முடியாது. அன்றுதான் சாப்பாடு உண்மையில் தேவை.

ஐம்பது பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, 3 கிலோ காய் கணக்கு. உடல் உழைப்பு செய்பவர்கள் அதிகமுள்ள தெருவானால் அரிசியை 6 கிலோ ஆக்குங்கள். மாலை ஆறுக்கு இறக்கினால் எட்டுக்குள் கையில் சேர வேண்டும். சமைத்து நான்கு மணி நேரம் தாண்டிய சாதத்தைச் சென்னை வெக்கையில் கொடுக்கக் கூடாது. இரவு பத்தரைக்குத் தட்டி எழுப்பிக் கொடுத்தால் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கி, காலையில் அதைப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். வயிற்றுப்போக்கு அங்கிருந்துதான் வருகிறது. தேங்காய் அரைத்து ஊற்றியது, தயிர்சாதம் இரண்டையும் கோடையில் தவிர்த்துவிட்டு எலுமிச்சைச் சாதமோ புளிசாதமோ செய்யலாம்.

2013 முதல் நடக்கும் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் கிடைப்பதால், வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடு பெரிய சிக்கல் இல்லை. நடக்க முடியாத முதியவருக்குத்தான் சிக்கல். அங்கே போய் வாங்கி வர அதே தெருவில் ஒரு பையனை ஏற்பாடு செய்தாலே பாதி வேலை முடிந்தது.

பொருள்

கனமான கம்பளி, கட்டில், பெரிய பாத்திரம் எதுவும் வேண்டாம். வைக்க இடமில்லை, நடைபாதையைச் சுத்தம் செய்ய வண்டி வரும் நாளில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். உண்மையில் உதவுவது மெல்லிய பருத்திப் போர்வை, செருப்பு, கொசுவத்தி, உள்ளாடை, சானிட்டரி நாப்கின், பூட்டுடன் கூடிய சிறு பெட்டி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் குடும்பத்துக்கு ஒரு தார்ப்பாய், 12க்கு 15 அடி, நான்கு மூலையிலும் கண்ணி உள்ளதாக, கூடவே பத்து மீட்டர் நைலான் கயிறு. கயிறு இல்லாமல் கொடுத்த தார்ப்பாய் முதல் காற்றிலேயே பறந்துவிடும். சான்றிதழ்களுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை இரண்டு.

காகித வேலை

தன்னார்வலர் வருடம் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை இதுதான். முகவரி இல்லாததால் சான்று இல்லை, சான்று இல்லாததால் ரேஷனோ ஓய்வூதியமோ காப்பீடோ இல்லை.

ஆதாரிலிருந்து தொடங்குங்கள். "ஆதார் இல்லை" என்று சொல்பவர்களில் பலர் எப்போதோ ஒரு முகாமில் கைரேகை வைத்திருப்பார்கள், ஒப்புகைச் சீட்டு தொலைந்திருக்கும். அவர்களுக்குப் புதிதாகப் பதிந்தால் இரட்டைப் பதிவென்று நிராகரிக்கப்படும். அதனால் முதலில் ஆதார் சேவை மையத்தில் கைரேகை வைத்துப் பழைய எண் கிடைக்கிறதா என்று பாருங்கள். உண்மையிலேயே இல்லையென்றால், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளரோ மாமன்ற உறுப்பினரோ ஆதாருக்குரிய படிவத்தில் புகைப்படத்தின் குறுக்கே கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தரும் சான்றை வைத்துப் பதியலாம். அந்தச் சான்றுக்கு ஆயுள் மூன்று மாதம்தான். வாங்கிய வாரமே மையத்துக்குப் போய்விடுங்கள். பதினெட்டு வயது தாண்டியவரின் புதுப் பதிவு வருவாய்த்துறை சரிபார்ப்புக்குப் போவதால் மாதக்கணக்கில் ஆகும். சீட்டை உறையில் போட்டு, நோட்டில் தேதியைக் குறியுங்கள்.

பிறந்த தேதியில் கவனம். அதைத் திருத்த ஒருமுறைதான் வாய்ப்பு. மையத்தில் அவசரத்தில் "ஐம்பது போடுங்க" என்று சொன்னதால், அறுபத்தைந்து வயது ஆயா முதியோர் ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் காத்திருக்க நேரும். பெயரின் எழுத்துக்கூட்டலையும் திரையில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கைபேசி எண் என்று கேட்கும்போது உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். நாளை நீங்கள் வேலை மாறிப் போனால் ஓடிபி வராமல் அவர்கள் தவிப்பார்கள். அவர்கள் வீட்டில் ஒருவரின் எண்ணே இருக்கட்டும்; ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் போய்விடும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று. ஆர்.எஸ்.ஆர்.எம்., கஸ்தூரிபா, எழும்பூர் போன்ற அரசு மருத்துவமனைகளில் பிறந்தவர்களின் பதிவு அநேகமாக இருக்கும். மாநகராட்சி இணையதளத்தில் பிறந்த தேதியை வைத்துத் தேடிக் கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலும் பெயர் இல்லாத சான்றாக இருக்கும். ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் செலவில்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம், பதினைந்து வருடம்வரை. பிரசவம் ஆன குடும்பத்துக்கான நோட்டுப் பக்கத்தில் இதை முதலில் எழுதுங்கள்.

சான்று இல்லை என்று பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 14ஆம் பிரிவுப்படி வயதுச் சான்று இல்லையென்று எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது. தலைமை ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாமல் பிரிவைச் சொல்லிப் பேசினால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

வீடற்றவரின் வாக்காளர் அட்டைக்கு முகவரிச் சான்று தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. படிவம் 6இல் அவர் தூங்கும் இடத்தையே எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவு வந்து, அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அலுவலர் பகலில் வந்து "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கமான தவறு. இரவு எத்தனை மணிக்கு இருப்பார்கள் என்று விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் இணைத்து, அந்த இரவு நீங்களும் உடன் இருங்கள்.

ரேஷன் கார்டுக்கு நடைபாதை முகவரி செல்லாது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். வடசென்னையில் நடைபாதை முகவரியிலேயே கார்டு வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அதே தெருவில் ஒருவரிடம் இருந்தால் அவர் சம்மதத்தோடு நகல் எடுத்து முன்னுதாரணமாகக் காட்டுங்கள். இதற்கு மூன்று நான்கு நடை ஆகும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அவர்கள் உங்களோடு வருகிறார்கள். எல்லாத் தாளும் சரியாக இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

காப்பகத்துக்கு வர மறுத்தால்

ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க, இருபத்து நான்கு மணி நேரமும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. சென்னையில் மாநகராட்சி, தொண்டு நிறுவனங்கள் மூலம் காப்பகங்களை நடத்துகிறது. மாநகராட்சியின் உதவி எண் 1913ஐ அழைத்து எங்கே படுக்கை காலி, ஆணா பெண்ணா குடும்பமா, யாருக்கான காப்பகம் என்று கேட்டுக்கொண்டு பிறகுதான் ஆளிடம் பேச வேண்டும். கூட்டிக்கொண்டு போய் வாசலில் "இங்கே பெண்களுக்கு மட்டும்" என்று கேட்டுத் திரும்பினால், அவர் இரண்டாவது முறை உங்களோடு வரமாட்டார்.

மறுப்பவர்களுக்குக் காரணம் இருக்கும். கணவன் ஓரிடம் மனைவி ஓரிடம் என்று பிரிக்கலாம், வளர்ந்த பையனைச் சேர்க்காமல் போகலாம், விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தை வேலைக்குப் போக முடியாது. 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன நினைவு மூத்தவர்களுக்கு இருக்கிறது. பெரும்பாக்கத்தில் அரசு கட்டிய மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வீடு கிடைத்தும் திரும்பி வந்தவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாரிமுனையிலிருந்து அது சுமார் 25 கிலோமீட்டர்; மூட்டை தூக்குபவர் பேருந்துக்கும் பயண நேரத்துக்கும் கொடுத்ததுபோக வீட்டுக்கு என்ன கொண்டு போவார்? வற்புறுத்தாமல், முதலில் ஒரு பகல் அழைத்துப் போய்க் காப்பகத்தைக் காட்டுங்கள். மழை பலமான இரவில் அவர்களே கேட்பார்கள்.

தனியாக, நோயோடு இருப்பவர்

புண்ணில் புழு இருந்தால் நீங்கள் பிடுங்க வேண்டாம். கையுறை போட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108. ஆம்புலன்ஸில் ஒருவர் கூடவே ஏறுங்கள். அரசு மருத்துவமனையில் உடன் ஆள் இல்லாத நோயாளியைக் கவனிப்பது வார்டுக்கும் கஷ்டம்; முதல் மூன்று நாள் முறைவைத்து இருந்தால் சிகிச்சை ஒழுங்காக நடக்கும். டிஸ்சார்ஜ் தேதி தெரிந்த அன்றே காப்பகத்தில் படுக்கை கேளுங்கள், இல்லையென்றால் கட்டுப்போட்ட காலோடு அதே பிளாட்பாரத்துக்குத்தான் வருவார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று யார் சொன்னாலும் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை. காசநோய் மருந்து இலவசம்.

மனநலம் குன்றி அலைபவரைக் கட்டிப்போட்டுத் தூக்கிப்போவது, முடி வெட்டிக் குளிப்பாட்டி வீடியோ எடுப்பது இரண்டும் வன்முறை. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017இன் 100ஆம் பிரிவுப்படி, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் அலைபவரைக் காவல் நிலைய அதிகாரி பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் பரிசோதனைக்குச் சேர்க்க வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. இதை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். குழந்தை தனியாக இருந்தால் 1098, பெண்ணுக்கு ஆபத்தென்றால் 181, முதியவருக்கு 14567.

ஒரு கட்டத்தில் உங்களில் யாராவது வேலை மாறியோ ஊர் மாறியோ போவீர்கள். இரண்டு மாதம் முன்பே தெருவில் சொல்லிவிட்டு, அடுத்து வருபவரைக் குறைந்தது நான்கு வாரம் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நோட்டை அவர் கையில் கொடுக்கும்போது, எந்த விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்ற பக்கம் அன்றைய தேதிவரை நிரம்பியிருக்க வேண்டும்.